தாங்கும் தவணை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், கோகிலவாணி. என் தம்பி பூபதி. தம்பி மனைவி கலாமணி. எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லோர் சார்பாகவும் வந்திருந்த பைப் கடை சின்னராசு. மேசைக்கு அந்தப் பக்கம் அளவை அலுவலர் ஜெனிபா. கதவு சாத்தியிருந்தது. வராண்டாவில் காத்திருந்தவர்கள் தங்கள் காதால் கேட்டதாக இன்று சொல்வது எதுவும் அவர்கள் கேட்டதல்ல.

நடந்தது இதுதான்.

எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் எட்டு இருந்தன. அப்பா ஒற்றை வண்டியில் தொடங்கிய தொழில். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு ராஜஸ்தான் வரை போய்த் துளை போட்டுத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த வண்டிகள் அவை. நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் பூமியைத் துளைப்பது குற்றமானது. அனுமதி யாருக்கும் கிடைக்கவில்லை. ஒரே அரசாணையில் ஊர் நின்றது. பூபதி இருந்ததையெல்லாம் விற்று முடிந்தவரை வட்டி கட்டினான். பிறகு திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்தான். எங்கள் குடும்பத்தில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. அந்த வாரமும் நான் தலை நிமிர்ந்துதான் சந்தைக்குப் போனேன்.

தொழில் போன ரிக்காரர்களுக்கு அரசாங்கம் வாழ்வூதியம் தந்தது. எனக்கு முதியோர் ஊதியம். இரண்டையும் சேர்த்து மூன்று பேர் பிழைத்தோம். திவாலானவன் குடும்பம் அரசாங்கப் பணத்தில் சாப்பிடுவதாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு பங்கு கடன்காரர்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அது நியாயம்தான். வாங்கியவன் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

மாரியம்மன் நோம்பிக்கு முதல் நாள் ஜெனிபா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கையில் மூன்று கைப்பட்டைகளும் சமையலறையில் வைக்க ஒரு பெட்டியும் வைத்திருந்தாள்.

"முன்னாடி எல்லாம் படிவம் கொடுத்து எழுதச் சொல்லுவோம்மா. பாலுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவுன்னு. எல்லாரும் வாய்க்கு வந்ததை எழுதினாங்க. இப்போ எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம். இந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டு வழக்கம்போல இருங்க. உங்க உடம்புக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு தூக்கம், எவ்வளவு மருந்து வேணும்னு இதுவே கண்டுபிடிச்சிரும்."

"கண்டுபுடிச்சு?"

"அந்தத் தேவைக்கு ஆகற பணத்தை உங்ககிட்ட விட்டுட்டு மிச்சத்தை மாசாமாசம் கடன்காரங்களுக்குக் கொடுப்போம். தாங்கும் தவணைன்னு பேரு. நீங்க தாங்கற அளவுக்கு மேல ஒரு ரூபாய் எடுக்க மாட்டோம்."

பூபதி என் காதருகே வந்தான். "அக்கா, நாளைக்குக் கம்பம் நடறாங்க. நோம்பி முடிஞ்ச பொறவு கட்டச் சொல்லலாமா?"

தள்ளிப்போடச் சொன்னால், கடனைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான் என்று ஊர் பேசும். வீட்டுக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது.

"கட்டுங்க," என்றேன்.

எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து நட்டுவிட்டால், அந்தக் கம்பத்தைப் பிடுங்கும் வரை பதினைந்து நாளும் வீட்டில் தாளிக்க மாட்டோம். எண்ணெய்ச் சட்டி அடுப்பு ஏறாது. ஒருசந்தி இருப்பவர்கள் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். காலில் செருப்பு இல்லை. படுக்கை வெறும் தரை. ஊரை விட்டு வெளியூரில் இரவு தங்கக் கூடாது. ஆண்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். பூபதி சர்க்கரை வியாதிக்காரன். ஆனாலும் அந்த வருடம் ஒரு நாள் விடாமல் ஆடினான். அம்மனிடம் அவனுக்குக் கேட்க நிறைய இருந்தது.

கம்பம் பிடுங்கிய மறுநாள் ஜெனிபா வந்து பட்டைகளைக் கழற்றினாள்.

"இத்தனை நாளும் வழக்கம்போலத்தானே இருந்தீங்க? வீட்டுல மூத்தவங்க சொல்லணும், பதிவாகும்."

"எங்க ஊட்டுல எப்பவும் அளவாத்தானுங்க," என்றேன்.

சாமிக்கு இருந்த விரதத்தைச் சர்க்காருக்குச் சொல்லிக் காட்டுவது எங்கள் வழக்கமில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அளவாகத்தான் செலவு என்பதும் பொய்யில்லை. உலைக்குப் போடும் அரிசியை இன்றுவரை நான்தான் அளந்து கொடுக்கிறேன். போதவில்லை என்று கலாமணி ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. எங்கள் இரண்டு ஊதியத்திலும் சேர்த்துப் பாதிக்கு மேல் தவணையாகப் பிடிக்கப்படும். ஏழு வருடத்துக்கு. ஒரு மாதம் தவறினாலும் இரண்டு ஊதியமும் நின்றுவிடும். காரணங்களையும் சொல்லியிருந்தார்கள். இந்தக் குடும்பத்தின் உணவுத் தேவை நாளுக்கு ஒரு வேளை. சமையல் எண்ணெய் தேவையில்லை. காலணி தேவையில்லை. படுக்கை தேவையில்லை. வெளியூர்ப் பயணம் இல்லை. குடும்பத் தலைவர் குறைந்த உணவிலும் கடும் உடலுழைப்புக்குத் தகுதியானவர்.

கடைசி வரியைப் படித்துவிட்டு பூபதி சிரித்தான். "அம்மனுக்கு ஆடினது அரசாங்கத்துக்குப் புடிச்சுப்போச்சு போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தின் எண்ணுக்கு அழைத்தேன். மனிதக் குரல் இல்லை.

"உங்கள் உடல் தந்த விவரத்தின்படி உத்தரவு போடப்பட்டுள்ளது. உடல் பொய் சொல்லாது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

"அது விரதங்க. நோம்பி."

"நீங்கள் குறிப்பிடும் நோயின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

மறுபடி அழைத்தேன். அதே குரல், அதே மரியாதை. நேரில் போனேன். வாசலில் இருந்தவன், ஒரு குடும்பத்தை ஒரு முறைதான் அளப்போம் என்றான். மறுபடி அளந்தால் எல்லோரும் தின்று காட்டுவார்களாம். எங்களைப் பார்த்தால் தின்று காட்டுகிறவர்கள் மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றான். மேல்முறையீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாள் தருவோம் என்றார்கள். தரவில்லை.

தவணை மட்டும் நிற்காமல் போனது. பூபதி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டான். நான் ராத்திரிச் சோற்றை விட்டேன். நோம்பிக்கு இருந்த ஒருசந்தி நோம்பி முடிந்தும் முடியவில்லை.

ஆனால் ஒன்றை நான் விடவில்லை. கடன் கேட்டு யார் வந்தாலும், சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். பணம் கொடுக்க முடியாதவன் இலை போடவும் முடியாதவனாகிவிட்டான் என்ற பேச்சு எங்கள் வாசலில் எழக் கூடாது. மஞ்சள் கடுதாசி கொடுத்த பிறகு சட்டப்படி யாரும் நேரில் வந்து கேட்கக் கூடாது. ஆனாலும் சும்மா பார்த்துவிட்டுப் போக என்று வருவார்கள். சின்னராசு அதிகம் வந்தார்.

"கோகிலாக்கா, என்ற பணம் வருதோ இல்லையோ, உங்க ஊட்டு ரசத்துல வட்டி வந்துருது," என்பார்.

"அசலும் வரும், சாப்பிடுங்க," என்பேன்.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் பூபதி மயங்கி விழுந்தான். அதைக் கேட்டுவிட்டுச் சின்னராசுதான் அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டார் என்று பிறகு தெரிந்தது. ஆள் செத்துப்போனால் எங்கள் பணத்தை யார் தருவார்கள் என்று கேட்டாராம். கடன்காரர் கேட்டதும் விசாரணைக்கு நாள் கிடைத்தது. கடன்பட்டவன் அத்தனை மாதம் கேட்டுக் கிடைக்காதது.

இனி அந்த அறை.

ஜெனிபா எங்களை உட்காரச் சொன்னாள். கலாமணி நின்றுகொண்டிருந்தாள். நான் கண்ணைக் காட்டிய பிறகு உட்கார்ந்தாள்.

"எனக்குக் கம்பம்னா என்னன்னு தெரியாதும்மா," என்றாள் ஜெனிபா. "எங்க ஊர்ல கிடையாது. எந்தத் தேதியில அளக்கணும்னு இயந்திரம்தான் சொல்லும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளி வச்சிருப்பேன்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டேனே. வழக்கம்போலத்தானான்னு."

சின்னராசு குறுக்கே வந்தார். "ஏனுங்க மேடம், அதுக்குச் சாட்சி நானே இருக்கறனுங்க. நோம்பியில நாலஞ்சு நாள் இவங்க ஊட்டுலதான் சாப்பிட்டேன். தாளிக்காத ரசம். என்ற வாழ்க்கையில அப்படியொரு ரசம் குடிச்சதில்ல. விரதம்னா விரதந்தான், சும்மா எழுதிக் குடுங்க. கடன்காரங்க யாரும் வேண்டாங்க மாட்டோம்."

"நீங்க அங்க சாப்பிட்டீங்களா?"

"நான் மட்டுமா? மெக்கானிக் ஒருத்தன், டீசல் பங்க் கணக்குப்புள்ள, அப்புறம்..."

ஜெனிபா திரையில் எதையோ தேடினாள். நெற்றி சுருங்கியது. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"விரதம்னு நான் எழுத உங்க சாட்சி தேவையில்லைங்க. உடம்பே சொல்லும். திடீர்னு சாப்பாட்டைக் குறைச்சா முதல் சில நாள் உடம்பு சண்டை போடும். தூக்கம் கெடும், நாடி மாறும், கை நடுங்கும். வழக்கமா அவ்வளவுதான் சாப்பிடறவங்களுக்கு இது எதுவும் இருக்காது. பாருங்க, இது பூபதி சாரோட கோடு. எப்படிக் குதிக்குது. இது உங்களோடது. இதுவும் குதிக்குது. இது விரதந்தான். ரெண்டு பேரோட தேவையையும் இப்பவே உயர்த்திடலாம்."

பூபதி பெருமூச்சு விட்டான். நான் மூன்றாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராகப் போனது.

"இவளோடதுல பட்டை சரியாக் கட்டலையா?" என்றேன்.

"பட்டை சரியாத்தான் இருந்ததும்மா." ஜெனிபா கலாமணி பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க எப்பத்திலிருந்து ஒரு வேளை சாப்பிடறீங்க?"

கலாமணி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நோம்பிக்கு எல்லாருந்தானுங்க."

"நோம்பிக்கு முன்னாடி?"

ஜெனிபா திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள்.

"சமையலறைப் பெட்டியில எடை இருக்குக்கா. தினமும் எவ்வளவு வெந்தது, எத்தனை வட்டல்ல சோறு போட்டது, எல்லாம். மூணு பேருக்கு அரிசி போட்டிருக்கு. ஆனா நாலு வட்டல், அஞ்சு வட்டல் போயிருக்கு. கடைசி வட்டல்ல பல நாள் எடையே இல்ல."

"வர்றவங்களுக்குப் போட்டது போக இருந்தா சாப்பிடுவனுங்க," என்றாள் கலாமணி. மெதுவாக, யாருடைய குற்றத்தையும் சொல்கிற குரலில் இல்லாமல். "ரிக்கு நின்னதுல இருந்து அப்படித்தானுங்க. பழகிப்போச்சு. எனக்குப் பசிக்கறதில்ல."

பூபதி அவளையே பார்த்தான். "என்ன புள்ள சொல்ற? நீ சாப்பிடறத நான் பாத்திருக்கறனே."

"எப்பப் பாத்தீங்க?"

அவன் முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவன். நான் விருந்தாளிகளோடு உட்காருகிறவள்.

சின்னராசு நாற்காலியில் நெளிந்தார். "அக்கா, நான் வேண்டாம் வேண்டாம்னுதான சொன்னேன். நீங்கதான் இலையைப் போட்டுட்டு..."

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலீங்க," என்றேன். "மேடம், மூணு பேரோடதையும் உயர்த்திப் போடுங்க. முடிச்சுக்கலாம்."

"அதுதான்மா முடியாது."

"ஏன்?"

"விரதம் இருந்தவங்களுக்குத்தான் உயர்த்த விதி இருக்கு. இவங்க விரதம் இல்ல. இவங்க உடம்பு இதுக்குப் பழகிடுச்சு. விதிப்படி பழகின அளவுதான் தேவை. உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் மாத்தினா தவணை குறையும். அந்தக் கணக்கு எப்படி நிக்குதுன்னா..." அவளுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "இவங்க இப்படியே சாப்பிடாம இருந்தாத்தான் நிக்குது."

"ஏழு வருசத்துக்குமா?"

"உத்தரவு முடியற வரைக்கும்மா."

எத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து இந்த விதியை எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது? அந்தத் தொலைபேசிக் குரலிடமா?

"வேற வழி?" என்றான் பூபதி.

"ஒண்ணு இருக்கு. பழகின அளவை விட்டுட்டு, வயசுக்கும் எடைக்கும் உள்ள பொது அளவை எடுத்துக்கலாம். அதுக்கு வீட்டு மூத்தவங்க ஒரு வாக்குமூலம் கொடுக்கணும். வாயால சொன்னாப் போதும், பதிவாகும்." திரையைப் பார்த்துப் படித்தாள். "இன்னார் இந்த வீட்டில் உணவு மறுக்கப்பட்டவர்."

"மறுக்கப்பட்டவரா?"

"அந்தப் பிரிவோட பேரு அதுதான்மா."

"எங்க ஊட்டுல யாருக்கும் சோறு மறுத்ததில்ல. தெருவுல போறவனைக் கூப்பிட்டுப் போட்ட வீடு அது. வேற வார்த்தை போடுங்க. குறைவாச் சாப்பிட்டவர்னு போடுங்க."

"குறைவாச் சாப்பிட்டவர்னா பழகினவர்னு எடுத்துக்கும். பிரிவு ரெண்டுதான். பழகினவர், மறுக்கப்பட்டவர்."

"விட்டுக் கொடுத்தவர்னு போடுங்க."

"இல்லம்மா."

"மனுசங்கதான எழுதுனீங்க இதை? ஒரு வார்த்தை சேத்தறதுக்கு என்ன கேடு?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. இருந்தா இந்நேரம் எழுதியிருப்பேன். உத்தரவு வாசல் திரையில ஒரு மாசம் ஓடும், பேரோட. அதையும் முன்னாடியே சொல்லிடறேன்."

வாசல் திரை என்றால் சந்தைக்குப் போகிற வழி. ஊரில் பாதிப் பேர் அதைக் கடந்துதான் போக வேண்டும். மஞ்சள் கடுதாசியைப் பற்றிப் பேசுகிறவன் காலத்தின் கொடுமை என்று சேர்த்துப் பேசுவான். இதை எதனோடு சேர்த்துப் பேசுவார்கள்?

பூபதி தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, உன்ற இஷ்டம்," என்றான். எப்போதும் சொல்கிறதுதான். அன்று அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது.

கலாமணிதான் எழுந்தாள். "நங்கை, வேண்டாங்க," என்றாள். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எதுக்கு நம்ம பேரு அந்தத் திரையில ஓடணும்? உங்க ரெண்டு பேருக்கும் குடுக்கறத வாங்கிக்கலாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. நல்லாத்தான இருக்கறேன்?"

நல்லாத்தான் இருக்கிறேன் என்று காட்டக் கையைத் தூக்கி நீட்டினாள். பட்டை கட்டியிருந்த மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது. கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்து போய் நின்றது. கல்யாணத்துக்கு அந்த அளவு வளையல் அவள் கைக்கு ஏறவில்லை. சோப்பு நுரை போட்டு நான்தான் ஏற்றிவிட்டேன்.

"உக்காரு புள்ள," என்றேன்.

பிறகு ஜெனிபாவிடம், "எங்க பேசணும்?" என்றேன்.

அவள் மேசையில் இருந்த கருவியைக் காட்டினாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்: "பூபதியின் மனைவி கலாமணி எங்கள் வீட்டில் உணவு மறுக்கப்பட்டவர். சொல்வது வீட்டில் மூத்தவள் கோகிலவாணி."

சின்னராசு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அக்கா, நாங்க வேணா எல்லாருமாச் சேந்து தவணையக் கொஞ்ச நாளைக்கு..." என்று தொடங்கினார்.

"தவணை வரும்," என்றேன். "சொன்ன தேதியில வரும். நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

ஜெனிபா கணக்கைப் போட்டாள். பாதிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்தத் தொகை தாங்கும். ஏழு வருடம் தாங்கும். பூபதி இப்போது முழு மாத்திரை போடுகிறான். கலாமணி எங்களோடு உட்காருகிறாள். ஆனால் இரண்டாவது கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். உடம்பு மறுபடி பழக நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

சின்னராசு அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் கேட்கிறார். சாப்பாட்டு நேரம் என்றால் நிறுத்துவதில்லை.

திரையில் ஓடியதைப் பார்த்துவிட்டு, கோகிலவாணி வீட்டில் மருமகளுக்குச் சோறு போடாமல் பட்டினி போட்டார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. எங்கள் வீட்டில் அவளை யாரும் பட்டினி போடவில்லை. சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.